கடற்கரையில் ஓடிய பெண்
(ஆடைப் படக்கலையில் 1933ஆம் ஆண்டுச் சோதனை)

ஆடை உடுத்தியவரைப் படம் பிடிப்பது வேறு. ஆடையை உலகுக்குக் காட்டுவதற்காக அதை உடுத்தியவரைப் படம் பிடிப்பது வேறு. முன்னது நிழற்படக்கலை தோன்றிய நாளிலேயே தோன்றிவிட்டது. பின்னது தனித் தொழிலாக உருப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அத்தொழிலின் போக்கை மாற்றிய நிகழ்ச்சிகளைக் கணக்கிடப் புகுந்தால், 1933ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் லாங் ஐலண்டுக் கடற்கரையில், குளிர்நாள் ஒன்றில் நடந்த படப்பிடிப்பு முன்வரிசையில் வந்து நிற்கும். அதை நடத்தியவர் அதற்கு முன் ஓர் ஆடைப் படம்கூட எடுத்தறியாதவர். அந்நாட்டு மொழியும் அறியாதவர். அவ்வொரு நாளிலிருந்து பிறர் எதைக் கற்றனர், எதைக் கற்கத் தவறினர் என்பது படக்கலைஞர்க்கு மட்டுமின்றிக் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர்க்கும் ஆராயத்தக்க செய்தியாகும்.

சிலைகளின் காலம்

நிழற்படம் அச்சுக்கு வந்த பின்னரும் நெடுநாள் ஆடைச் சஞ்சிகைகள் ஓவியத்தையே பெரிதும் நம்பியிருந்தன. ஓவியர் இடையை வேண்டுமளவு சுருக்கலாம். துணியின் மடிப்பை விரும்பியவாறு விழச் செய்யலாம். கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை. 1911ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஆடைக் கலைஞர் பால் புவாரே தைத்த உடைகளை எட்வர்டு ஸ்டைக்கன் என்பவர் படம் பிடித்தார். அவற்றுள் 13 படங்கள் பிரெஞ்சுக் கலைச் சஞ்சிகை ஒன்றில் வெளியாயின. கலைநோக்குடன் எடுக்கப்பெற்ற முதல் ஆடைப் படங்கள் அவையே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் 'வோக்' சஞ்சிகைக்குப் படம் எடுத்த அடால்ப் டி மேயர், மாடல்களின் பின்னாலிருந்து ஒளியைப் பாய்ச்சி, பனிமூட்டத்தில் தோன்றும் தேவதையர்போல் அவர்களைக் காட்டினார். 1923இல் அவ்விடத்திற்கு வந்த ஸ்டைக்கன் பனிமூட்டத்தை விலக்கிக் கோடுகளைக் கூர்மையாக்கினார். ஒளி மாறிற்று, பாணி மாறிற்று. ஆனால் பெண் மட்டும் அசையவில்லை.

அசையாமைக்குக் கருவியும் ஒரு காரணம். பெரிய கேமரா முக்காலியின்மேல் நிற்கும். தகடு பெரியது, ஒளி பதியும் நேரமும் அதற்கேற்ப நீளும். மாடல் மூச்சை அடக்கி நிற்க வேண்டும். பழைய குடும்பப் படங்களில் மரத்தூண்மேல் கையூன்றி, திரையில் தீட்டிய பூங்காவுக்கு முன்னால் விறைத்து நிற்கும் பெரியவர்களைக் கண்டவர்க்கு இது விளங்கும். ஆயினும் கருவியை மட்டும் குறை கூறுதல் முறையாகாது. 1930ஆம் ஆண்டளவில் விரைந்து படமெடுக்கும் கேமராக்கள் இருந்தன. செய்திப் பத்திரிகைக்காரர்கள் அவற்றை அன்றாடம் கையாண்டனர். ஆடைப் படக்காரர் அவற்றை நாடாமைக்குக் காரணம், அழகு என்பது அசைவற்றது என்னும் எண்ணம் அத்துறையில் வேரோடியிருந்ததேயாகும்.

இவ்வெண்ணத்தின் உச்சியைக் காட்டும் படம் ஒன்றுண்டு. 1930இல் ஹொய்னிங்கன் ஹூனே எடுத்த படம் அது. நீச்சலுடை அணிந்த ஆணும் பெண்ணும் முதுகு காட்டி அமர்ந்து எதிரே பரந்த கடலை நோக்குகின்றனர். காண்போர் கடல் என்றே நம்புவர். உண்மையில் அது பாரிஸ் மாநகரின் ஷான்ஸ் எலிசே வீதியிலிருந்த படப்பிடிப்பு நிலையத்தின் மொட்டைமாடி! தொடுவானம்போல் தோன்றுவது கைப்பிடிச்சுவர். மிக அழகிய படம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் கடலாடும் உடையைக் காட்டுவதற்குக் கடலுக்கே போகலாமே என்று அந்நாளில் எவருக்கும் தோன்றாதது வியப்புக்குரியது.

பந்தாட்டத் திடலிலிருந்து வந்தவர்

மார்ட்டின் முன்காச்சி 1896இல் கொலோஷ்வார் என்னும் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று ஹங்கேரியில் இருந்த அவ்வூர், இன்று குளூஜ் என்னும் பெயரில் ருமேனியாவில் இருக்கிறது. இளமையில் புடாபெஸ்ட் நகருக்கு வந்து பத்திரிகைகளுக்கு விளையாட்டுச் செய்தி எழுதினார், கவிதையும் எழுதினார். பின்னர் கேமராவைக் கைக்கொண்டார். காற்பந்து ஆட்டம் ஒன்றைப் படமெடுக்கப் போகும் வழியில் நடந்த கைகலப்பை அவர் தற்செயலாகப் படம் பிடித்ததாகவும், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முதியவர் ஒருவர் அப்படங்களின் சான்றால் விடுதலை பெற்றதாகவும், அதனாலேயே அவர் பெயர் பரவியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது.

அவருடைய விளையாட்டுப் படங்களில் ஒரு தனித்தன்மை உண்டு. மோட்டார் சைக்கிள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாயும். பந்தைப் பிடிக்கப் பாய்ந்த கோல்காவலர் நிலத்தில் விழுமுன் வானில் கிடப்பார். இத்தகைய படத்துக்கு விரைவான ஷட்டர் மட்டும் போதாது. நிகழ்ச்சியைக் கண்ட பிறகு விசையை அழுத்துபவர் எப்போதும் பிந்திவிடுவார். ஆட்டக்காரர் எங்கு வந்து சேர்வார் என்பதை முன்னரே உணர்ந்து, அவ்விடத்திற்குக் குவியத்தைச் சரிசெய்து வைத்துக்கொண்டு, அவர் வருமுன் விரல் ஆயத்தமாக இருக்க வேண்டும். அது பல்லாண்டுகள் திடலோரத்தில் நின்று கற்கும் பாடம்.

1928இல் முன்காச்சி பெர்லினுக்குப் பெயர்ந்தார். அங்கு உல்ஸ்டைன் நிறுவனத்தின் பட வார இதழ் அந்நாளில் ஏறத்தாழ 20 லட்சம் படிகள் விற்றுக்கொண்டிருந்தது. அவ்விதழுக்காகத் துருக்கி, எகிப்து, லைபீரியா முதலிய நாடுகளுக்குச் சென்று வந்தார். 1933 மார்ச் 21ஆம் நாள் போட்ஸ்டாம் நகரில் முதிய ஹிண்டன்பர்க் முன்னிலையில் ஹிட்லரின் ஆட்சி தன்னை உலகுக்குக் காட்டிக்கொண்ட விழாவையும் அவரே படம் பிடித்தார். யூதரான அவர்க்கு அந்நாட்டில் இனி இடமில்லை என்பதை உணர நெடுநாள் ஆகவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர் நியூயார்க் சென்றார். மறு ஆண்டு அங்கேயே குடியேறினார்.

பைப்பிங் ராக் கடற்கரை

நியூயார்க்கில் அப்போது இரண்டு ஆடைச் சஞ்சிகைகளுக்கிடையே கடும் போட்டி. 'வோக்' இதழில் பல்லாண்டு பணியாற்றிய கார்மெல் ஸ்னோ அம்மையார் 1932இல் எதிரணியான 'ஹார்ப்பர்ஸ் பஸார்' இதழுக்கு மாறிவிட்டார். அயர்லாந்தில் பிறந்தவர், துணிவு மிக்கவர். பழைய முதலாளி அதன்பின் அவருடன் பேசவே இல்லை என்பர். புதிய இடத்தில் புதியதாக ஏதேனும் செய்தாக வேண்டிய நிலை அவருக்கு. குளிர்கால விடுமுறைக்குப் புளோரிடாவின் பாம் பீச் செல்லும் செல்வப் பெண்டிர்க்கான நீச்சலுடைப் படங்கள், திரையில் தீட்டிய பின்னணிக்கு முன் எடுக்கப்பட்டு அவர் மேசைக்கு வந்தன. அவை அவருக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் எடுக்கவேண்டும் என்று பிடிவாதம் செய்து இசைவு பெற்றார். அப்பணிக்கு அவர் தேர்ந்த ஆள், நகருக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்த விளையாட்டுப் படக்காரர் முன்காச்சி.

லாங் ஐலண்டிலுள்ள பைப்பிங் ராக் கடற்கரைக்கு ஒரு சிறு குழு சென்றது. நியூயார்க்குச் செல்வர் வட்டத்தைச் சேர்ந்த லூசில் புரோக்கா என்னும் பெண்மணி நீச்சலுடையும் அதன்மேல் ஒரு மேலங்கியும் அணிந்து நின்றார். அன்று வானம் மூடியிருந்தது, குளிரும் கடுமை. வெப்பநாட்டு உல்லாசத்தைக் காட்டவேண்டிய படத்திற்கு இதைவிடத் தகாத நாள் வாய்த்திருக்க முடியாது. முன்காச்சிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. உடன்வந்த நண்பர் மொழிபெயர்த்துச் சொல்ல முயன்றார். அதுவும் முடிவின்றி நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் கைச்சாடையால் பொருள் விளங்கிற்று. மாடல் தன்னை நோக்கி ஓடிவர வேண்டும் என்கிறார் இவர்!

ஸ்னோ அம்மையார் தம் நினைவுக் குறிப்புகளில் இக்காட்சியை விவரித்திருக்கிறார். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1962இல் அந்நூல் வெளிவந்தது. ஆடைப் படத்திற்கு ஓட்டம் என்பது அதுவரை எவரும் கேட்டறியாத ஒன்று என்பதே அவர் கூற்றின் சாரம். படகில் செல்வதாகக் காட்டவேண்டிய படத்தைக்கூட நிலையத்திற்குள் போலிப் படகை வைத்து எடுத்த காலம் அல்லவா அது? லூசில் புரோக்கா மறுக்கவில்லை, ஓடினார்.

1933 டிசம்பர் இதழில் வெளியான அப்படத்தில் அவர் ஓட்டத்தின் நடுவே இருக்கிறார். மேலங்கி காற்றில் புடைத்துப் பின்னால் பறக்கிறது. படம் முழுதும் கூர்மையாக இல்லை. அசைவின் மங்கல் சற்றே தெரிகிறது. நிலையத்துப் படக்காரர் ஒருவர் இதைக் குறையென்று ஒதுக்கியிருப்பார். ஆனால் அந்தச் சஞ்சிகையை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வந்த வாசகிக்கு, நின்றிருந்த பெண்களிடையே ஒருத்தி திடீரெனத் தன்னைக் கடந்து ஓடுவதுபோல் இருந்திருக்கும். மேலங்கி எத்தனை இலேசானது, நீச்சலுடை எத்துணை வசதியானது என்பதை எந்த விளம்பர வாசகமும் இல்லாமலே அது சொல்லிற்று. அந்நாளைய அமெரிக்கப் பெண்கள் டென்னிஸ் ஆடினார்கள், மோட்டார் ஓட்டினார்கள், வேலைக்கும் போனார்கள். அவர்களுடைய சஞ்சிகை மட்டும் அவர்களைப் பளிங்குச் சிலைகளாகவே காட்டி வந்தது. இருபதாண்டுகளாக வாழ்க்கையில் நடந்துவிட்ட மாறுதலை அந்த ஒரு படம் காகிதத்தில் ஏற்றியது எனலாம்.

எது இயல்பு?

இங்கே ஒன்றை மறத்தலாகாது. அப்பெண்மணி தாமாக ஓடவில்லை; ஓடச் சொன்னதால் ஓடினார். குளிரில் நடுங்கவேண்டிய உடையில், வெயில் காய்வதாகக் காட்டும் பொருட்டு ஓடினார். ஹூனேயின் மொட்டைமாடிக் கடல் பொய் என்றால், முன்காச்சியின் கோடைக்காலமும் அத்தகையதே. இயற்கையை அப்படியே பிடித்தது என்று இப்படத்தைப் பாராட்டுவோர் இதைக் கவனிப்பதில்லை. முன்காச்சி செய்த புதுமை, ஏற்பாடு செய்யும் பொருளையே மாற்றியதில் இருக்கிறது. முன்னிருந்தோர் கை எங்கே, கால் எங்கே, தலை எவ்வளவு சாய்வு என்று ஏற்பாடு செய்தனர். இவர் ஒரு செயலை ஏற்பாடு செய்தார். கையையும் காலையும் அச்செயலே பார்த்துக்கொண்டது. எந்தக் கணத்தில் அழுத்துவது என்ற ஒரே முடிவை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டார். அதற்கான பயிற்சி அவருக்குப் பந்தாட்டத் திடலிலேயே கிடைத்திருந்தது.

1935 நவம்பரில் அதே சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைக்குப் 'படமெடுக்கும்போதே சிந்தியுங்கள்' என்பது போன்ற பொருளில் தலைப்பு அமைந்தது. எவரையும் நிறுத்தி வைக்காதீர்கள், இயல்பாக உலவ விடுங்கள் என்பது அதிலுள்ள அறிவுரை. அறிவுரையைப் படித்தவர் பலர். தலைப்பை ஊன்றிப் படித்தவர் சிலரே.

இருவேறு மாணாக்கர்

பாடம் ஒன்றாயினும் கொள்வோர் திறத்தால் அது வேறுபடும் என்பதற்கு இருவர் வரலாறு போதிய சான்று. முதல்வர் பிரான்சு நாட்டு ஹென்றி கார்ட்டியே பிரெசோன். டாங்கனிக்கா ஏரி என்னும் பெயரால் வழங்கும் முன்காச்சியின் படம் ஒன்றை அவர் 1930களின் தொடக்கத்தில் கண்டார். மூன்று ஆப்பிரிக்கச் சிறுவர்கள் அலைக்குள் ஓடிப் பாய்கின்ற படம் அது. ஒரு கணத்திற்குள் நிலைபேற்றைப் பிடித்து வைக்க முடியும் என்பதை அப்படமே தமக்கு உணர்த்தியது என்று அவர் பிற்காலத்தில் பலமுறை நன்றியுடன் கூறினார். தெருவில் தானே நிகழும் காட்சிகளைப் பிடிப்பதில் அவரை மிஞ்சியவர் இல்லை. ஆனால் 1935இல் ஸ்னோ அம்மையார் அவருக்கு ஆடைப் படம் எடுக்கும் வாய்ப்பை அளித்தபோது அவரால் சோபிக்க இயலவில்லை. மாடலிடம் என்ன சொல்வது, எப்படி இயக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. கணத்தைக் காத்திருந்து பிடிக்கும் பாதியை அவர் முழுமையாகக் கற்றிருந்தார். அக்கணத்தை வரவழைக்கும் மறுபாதியில் அவருக்கு நாட்டமில்லை. அதனால் அவர் பெருமை குறைந்துவிடவில்லை என்பதும் உண்மை.

மற்றவர் நியூயார்க்கில் 1923இல் பிறந்த ரிச்சர்டு அவெடான். அவர் தந்தை துணிக்கடை வைத்திருந்தார். அதனால் ஆடைச் சஞ்சிகைகள் வீட்டில் கிடந்தன. ஒருநாள் மாலை தந்தையுடன் ஐந்தாம் வீதியில் உலவிய சிறுவன், பிளாசா ஓட்டலுக்கு எதிரே ஒருவர் அழகிய பெண்ணொருத்தியை ஒரு மரத்தில் சாய்ந்து நிற்கச் சொல்லிப் படமெடுப்பதைக் கண்டான். அவர்தாம் முன்காச்சி. பின்னர் அப்படத்தைச் சஞ்சிகையிலும் பார்த்தான். எத்தனையோ இடமிருக்க அந்த மரம் ஏன் என்பது அவனுக்கு விளங்கவில்லை. வளர்ந்து பாரிஸ் சென்ற பிறகே விளங்கிற்றாம்: ஷான்ஸ் எலிசே வீதியில் நிற்கும் மரங்களின் பட்டையும் அவ்வாறே உரிந்திருந்தது. நியூயார்க்கின் ஒரு மரத்தைக் கொண்டு பாரிசை நினைவூட்டியிருந்தார் அக்கலைஞர். இயல்பாகத் தோன்றுவதன் பின்னே எத்தனை எண்ணம் இருக்கிறது என்ற பாடம் அச்சிறுவன் உள்ளத்தில் பதிந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து விளங்கிய பாடம்! எல்லாப் பாடமும் தேர்வுக்குள் விளங்கிவிட வேண்டும் என்று எண்ணுவோர் இதைக் கருதிப் பார்க்கலாம்.

அவெடானுக்கு வாய்த்த ஆசிரியரையும் குறிப்பிட வேண்டும். ரஷ்யாவிலிருந்து புலம்பெயர்ந்த அலெக்ஸி புரோடோவிச் 1934இல் 'ஹார்ப்பர்ஸ் பஸார்' இதழின் கலை இயக்குநராகி 1958வரை அப்பொறுப்பில் இருந்தார். பக்கத்தில் வெற்றிடம் விட அஞ்சாதவர். ஓடும் உருவத்திற்கு ஓட இடம் தந்தவர் அவரே. அவர் இல்லையேல் முன்காச்சியின் படங்கள் சட்டத்துக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கும். மாலை வேளைகளில் வகுப்பும் நடத்தினார். எப்படிச் செய்வது என்று அவர் சொல்லிக் கொடுப்பதில்லை. கண்டதையே கொண்டு வந்தால் பொறுக்க மாட்டார்; தம்மை வியப்பில் ஆழ்த்துமாறு மட்டும் கேட்பார். வணிகக் கப்பற்படையில் அடையாளப் படங்கள் எடுத்துப் பழகிய இளைஞர் அவெடான் அவரிடம் காட்டிய படங்களுள், இரட்டையரான கப்பற்படை வீரர் இருவரின் படம் ஒன்று இருந்தது. ஒருவர் கூர்மையாகவும் மற்றவர் மங்கலாகவும் அதில் தெரிந்தனர். அம்மங்கலே ஆசிரியரைக் கவர்ந்தது என்பர்.

முன்காச்சி 1934இல் குடையுடன் தெருவில் தேங்கிய நீரைத் தாண்டும் பெண்ணைப் படம் பிடித்திருந்தார். 1957 ஆகஸ்டில் அவெடான் பாரிஸ் நகரத்துச் சதுக்கம் ஒன்றில் கார்மென் என்னும் மாடலைக் கார்டின் தைத்த மேலாடையுடன் குடை பிடித்துத் தெருவில் துள்ளச் செய்து படமெடுத்தார். அப்படத்தின் பெயரிலேயே முன்காச்சிக்கு வணக்கம் என்று பொறித்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். முன்னதில் நீர் உண்டு. தாண்டுவதற்குக் காரணமும் உண்டு. பின்னதில் துள்ளல் தனக்குத்தானே காரணமாகிவிட்டது. ஆடலரங்கின் நேர்த்தி அதில் கூடியிருக்கிறது. வீதியின் ஈரம் குறைந்திருக்கிறது. எது மேல் என்பது அவரவர் சுவையைப் பொறுத்தது. ஆயினும் மாணவர் ஆசிரியரின் படத்தை நகல் எடுக்காமல், அதற்கு மறுமொழி கூறியிருக்கிறார் என்பதை எவரும் ஒப்புவர்.

பிறர் நிலை அவ்வாறில்லை. இங்கிலாந்தில் நார்மன் பார்க்கின்சன் போன்றோர் தம் போக்கில் இப்பாடத்தை வளர்த்தனர் என்பது உண்மையே. ஆனால் பெருந்தொகையான சஞ்சிகைகளில் ஓட்டமும் துள்ளலும் விரைவிலேயே புதிய வாய்பாடாகிவிட்டன. முன்பு தூணில் சாய்ந்த பெண், இப்போது காரணமின்றிக் குதித்தாள். விறைப்பைப் போக்க வந்த அசைவு தானே ஒரு விறைப்பாயிற்று. சோதனையின் பயனை மட்டும் எடுத்துக்கொண்டு சோதிக்கும் மனத்தை விட்டுவிட்டால் நேர்வது இதுதான். பள்ளிக்கூடங்களில் நல்ல கட்டுரை ஒன்று மாதிரிக் கட்டுரையாகி மனப்பாடத்துக்கு வந்துசேரும் கதையும் இதற்கு நெருங்கிய உறவு.

பிற்காலம்

1930களில் அமெரிக்காவில் மிகுந்த ஊதியம் பெற்ற படக்கலைஞர்களுள் முன்காச்சி ஒருவராக விளங்கினார். நடனக் கலைஞர் பிரெட் அஸ்டேர் ஆடும் படங்களை 1936இல் 'லைப்' இதழுக்கு எடுத்தார். 1943இல் இதயநோய் தாக்கியது. அதன்பின் வாய்ப்புகள் குறைந்தன. 1945இல் ஒரு நாவலும் வெளியிட்டார். அவர் தொடங்கிவைத்த முறையிலேயே இளையவர்கள் புகழின் உச்சிக்குச் சென்றுகொண்டிருந்த ஆண்டுகளில் அவர் பெயர் சஞ்சிகைப் பக்கங்களிலிருந்து மறைந்து வந்தது. 1963 ஜூலையில் நியூயார்க்கில் காற்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் உயிர் நீத்தார்.

மகிழ்ச்சியற்றிருந்த ஒரு கலைக்கு மகிழ்ச்சியைக் கொணர்ந்தவர் அவர் என்றும், ஆடைப் படவுலகில் உள்ளோர் அனைவரும் அவர் வழித்தோன்றல்களே என்றும் பொருள்பட அவெடான் அஞ்சலி எழுதினார். ஆனால் அவ்வழித்தோன்றல்கள் நிறைந்த நகரில், மறைந்தவரின் படத்தொகுதியைப் பேணிக்காக்க அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் முன்வரவில்லை. தொகுதி சிதறிப்போயிற்று. நாற்பதாண்டுகளுக்குப் பின் 4,000க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்கள் பெட்டிகளில் அடைபட்டிருந்தபடியே வெளிப்பட்டன. 2007இல் நியூயார்க்கின் அனைத்துலக நிழற்பட மையம் அவற்றைப் பெற்றுத் தன் காப்பகத்தில் சேர்த்தது. அதே ஆண்டில் அங்கு நடந்த அவர் படக்காட்சிக்கு, 1935ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பையே பெயராக இட்டனர்.